மலை இறங்கும்போது மேலே ஏறுபவர்கள்

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் மண் சரியும்போதெல்லாம் உதவிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. பட்டியலில் ஏறாத பெயர்களிலிருந்தும், காலையிலிருந்து நகராத வரிசைகளிலிருந்தும், பல வருடமாகத் தீராத கோபத்திலிருந்தும் வருகிறது.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் மேல் இறங்கியது. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். மாலையில் அவர்கள் திரும்பி வருவதற்கு லயமும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

இராணுவம் வருவதற்கு முன்பே அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் பக்கத்து டிவிசன் ஆட்கள். மலையில் வேலை செய்யும் மண்வெட்டியும் முள்ளும்தான் அவர்கள் கையில் இருந்தன. தலையில் கவசம் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. மேலே மலை இன்னும் அசைகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. பிறகு மேஜர் ஜெனரல் மனோ பெரேராவின் தலைமையில் நூற்றுக்கணக்கான படையினர் வந்தார்கள், பெக்கோ இயந்திரங்கள் வந்தன, ஊடகங்கள் வந்தன, அரசியல்வாதிகளும் வந்தார்கள்.

மீரியபெத்தையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் புதைந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அது நியாயம்தான். இந்தக் கட்டுரை தோண்டப் போனவர்களைப் பற்றியது. பட்டியல் எழுதப் போனவர்கள், சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனவர்கள், ஹெலிகொப்டர் ஓட்டியவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. மலைநாட்டில் இவர்கள் சந்திக்கும் ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. அவற்றில் பெரும்பாலானவை மழை தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே, யாரோ ஒருவர் மேசையில் தள்ளிவைத்த கோப்புகளில் பிறந்தவை.

இரண்டாவது சரிவு

மண் ஒருமுறை இறங்கிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று கீழே நிற்பவர்களுக்குத் தோன்றும். மலை அப்படி நடந்துகொள்வதில்லை. முதற்சரிவு தன் பின்னால் செங்குத்தான ஒரு வெட்டுமுகத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதற்கு மேலே உள்ள நிலத்தில் வெடிப்புகள் ஓடுகின்றன. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்க இறங்க, தாங்க ஆளில்லாத அந்த முகப்பு அடுத்ததாகக் கழன்று வருகிறது. அடைபட்ட ஓடைகள் மேலே குட்டைகளாகத் தேங்கி ஒரேயடியாக உடைத்துக்கொள்வதும் உண்டு. கீழே கிடக்கும் மண்ணோ கிண்டாமல் இறக்கிய களிபோல, மேலே பொருக்கும் உள்ளே குழைவுமாக இருக்கும். பொருக்கை நம்பிக் கால் வைத்தவர் இடுப்புவரை இறங்குவார்.

தேயிலை மலைகளில் இதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. பழைய தோட்டங்களில் மழைநீரை வழிநடத்திக் கீழே இறக்க மலை முழுவதும் கான் வெட்டிவைத்திருந்தார்கள். கான் வெட்டவும் துப்புரவாக வைக்கவும் தனியாக ஆட்கள் இருந்தார்கள். ஆள் குறைந்து, தேயிலை கைவிடப்பட்டுக் காடேறிய இடங்களில் கான்கள் தூர்ந்துபோயின. ஓடிப்போக வேண்டிய நீர் நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. லயங்களைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார் நல்ல நிலத்தைத் தேயிலைக்கு ஒதுக்கிவிட்டு, ஓடைப் பள்ளங்களிலும் சரிவின் அடிவாரங்களிலும் ஆட்களைக் குடிவைத்தார்கள். மலை இறங்கினால் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். மீட்கப் போகிறவர் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

மீரியபெத்தையில் மழை விடவில்லை. மீண்டும் சரியலாம் என்ற பயத்தில் வேலையை அடிக்கடி நிறுத்த வேண்டி வந்தது. நிறுத்தச் சொல்லும் அந்த அதிகாரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பின்னால் படையினரின் உயிர். முன்னால், அம்மா இந்த இடத்தில்தான் படுத்திருந்தார் என்று விரலால் காட்டிக்கொண்டு நிற்கும் மகன். பேசும் மொழியும் வேறு. அவர் சிங்களத்தில் சொன்ன காரணம் அந்த மகனின் காதில், எங்கள் ஆட்கள் என்பதால்தானே நிறுத்துகிறீர்கள் என்று விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. மீட்புக் குழுவுக்கும் ஊராருக்கும் இடையே கைகலப்பு வரக்கூடிய தருணம் இதுதான். உலகெங்கும் மீட்புப் பணியில் இருப்பவர்கள் மிகவும் அஞ்சுகிற தருணமும் இதுதான். அப்போது இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, “தம்பி, மேலே வெடிச்சிருக்கு, பத்து நிமிசம் பொறுங்க” என்று சொல்வது ஒரு பெக்கோ இயந்திரத்தைவிடப் பெறுமதியானது.

எத்தனை பேர் என்று தெரியாமல் தோண்டியவர்கள்

முதல் நாள் மீரியபெத்தையில் முந்நூறு பேரைக் காணவில்லை என்றார்கள். பிறகு இருநூறுக்குச் சற்றுக் குறைவு என்றார்கள். அடுத்த நாள் அப்போதைய அனர்த்த முகாமைத்துவ அமைச்சர் மஹிந்த அமரவீர நூறு பேர் என்ற அளவில் பேசினார். மண்ணுக்குள் யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றும் சொன்னார். நாட்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே வந்து நின்றது. எடுக்கப்பட்ட உடல்கள் அதிலும் பாதிக்கும் குறைவு.

எண்ணிக்கை குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் மீட்புப் பணியில் எண்ணிக்கை என்பது வெறும் செய்தி அல்ல. எந்த லயத்தில், எந்தக் காம்பராவில், அந்த நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது, எவ்வளவு நேரம் தோண்டுவது, எப்போது ஆட்களை மேலே எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். முந்நூறு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று நம்பும் ஒரு படைவீரர், முப்பது பேருக்காக எடுக்காத அபாயத்தை எடுப்பார். இல்லாத ஆளைத் தேடி இருக்கும் ஆள் உயிரைப் பணயம் வைக்கும் நிலைக்கு வழி செய்தது சேறு அல்ல, பதிவேடு.

தோட்டத்துப் பதிவேடு ஏன் இப்படி இருந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. தோட்டம் கம்பனியுடையது. லயம் கம்பனியுடையது. ஆள் கணக்கு தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. அதுவும் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் கணக்கு மட்டும். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மகளும், தாத்தாவோடு விடப்பட்ட பேரப்பிள்ளையும் அதில் ஒழுங்காக வருவதில்லை. லயத்தில் உள்ளவர்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. டிவிசன் பெயர்தான் முகவரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குச் சேவை வழங்கத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது வருடத்துக்கு மேலாக, வாக்குக் கேட்க வந்த சபை, தெரு போடவோ கான் வெட்டவோ வர முடியாது என்று சட்டத்தைக் காட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் பேரிடர் வந்தால் உதவிக்கு வருபவர் கையில் வரைபடமும் இருக்காது, ஆள் பட்டியலும் இருக்காது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போங்கள் என்றார்கள், எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. நிலம் கொடுக்க வேண்டியது அரசா கம்பனியா என்ற கேள்வி பதிலின்றி நின்றது. 2014இல் மலை இறங்கிய பிறகு தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பள்ளிக்கூடங்களிலும், பின்னர் மாகல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோரிலும் இருத்தப்பட்டார்கள். ஆளுக்கு ஏழு பெர்ச் காணியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இடைப்பட்ட இரண்டு வருடமும் அந்த ஸ்டோருக்கு அரிசியும் போர்வையும் கொண்டுபோன ஒவ்வொரு தொண்டரும், வீடு எப்போது என்ற கேள்விக்கும் முகம் கொடுக்க வேண்டியிருந்தது. பதில் அவரிடம் இல்லை. அதற்குக் கோபப்படுகிறவரையும் குற்றம் சொல்ல முடியாது.

வரிசையில் நிற்கும் பசி

உதவியாளர்களைத் தாக்குகிறவர்கள் யார் என்று கேட்டால் பலருக்கு நினைவுக்கு வருவது கொள்ளைக்காரக் கூட்டம். உண்மையில் நிவாரணம் கொடுக்குமிடத்தில் ஆபத்து பெரும்பாலும் சாதாரண ஆட்களிடமிருந்தே வருகிறது: காலை முதல் நின்றவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், தன் பெயர் வாசிக்கப்படாதவர்கள். அவர்களை நெருக்குவது ஏற்பாட்டில் உள்ள ஓட்டை.

தமிழ்நாடு இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2005இல் சென்னையில் வெள்ளம் வந்தது. நவம்பர் 6ஆம் தேதி வியாசர்பாடியில் நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். அதிலிருந்து யாரும் பாடம் படிக்கவில்லை. டிசம்பர் 18ஆம் தேதி விடியற்காலையில் எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண டோக்கன் கொடுக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இருட்டிலேயே வந்து நின்றார்கள். டோக்கன் இன்றோடு கடைசி என்று வதந்தி. மழை பிடித்தது. கதவு திறந்தது. 42 பேர் மிதிபட்டு இறந்தார்கள். ஒரு வாசல், ஒரு நாள், ஒரு வதந்தி என்ற மூன்றும் சேர்ந்தால் போதும். வேறு எதிரி தேவையில்லை. 2013இல் ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸின் அலங்காலங்கில் பசித்த கூட்டம் அரசு அரிசிக் கிடங்குக்குள் நுழைந்தபோது சுவர் இடிந்து 8 பேர் இறந்ததும் இதே கணக்குத்தான்.

ஊவாவில் இதன் வடிவம் கொஞ்சம் வேறு. இங்கே கூட்டம் சிறியது, கணக்கு சிக்கலானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்றில் தாத்தா குடும்பம், மகன் குடும்பம், திருமணமாகி வேறெங்கும் போக இடமில்லாத மகள் குடும்பம் என மூன்று அடுப்பு எரியும். படிவத்தில் அது ஒரு வீடு. லொறியில் வரும் பார்சலும் ஒன்று. ஒன்றை மூன்றாகப் பிரிப்பது யார்? பார்சலைக் கையில் வைத்திருக்கும் பத்தொன்பது வயதுத் தொண்டர். பக்கத்து டிவிசனுக்கு இரண்டு பார்சல் போனது என்று அந்த நேரத்தில் யாரோ சொன்னால், வார்த்தை தடித்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலைநாட்டு மாவட்டங்களே மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தன. பதுளையில் மட்டும் 80க்கும் மேற்பட்டோர். நவம்பர் 28ஆம் தேதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். அதன் பிறகு நிவாரணம் அறிவிக்கப்பட்டது: வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா, வீட்டை இழந்தவருக்கு மீண்டும் கட்ட 50 இலட்சம் ரூபா வரை.

அறிவிப்பு கொழும்பில் வந்தது. படிவம் கிராம உத்தியோகத்தர் கைக்கு வந்தது. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று வீட்டுக்கு வீடு போய் எழுத வேண்டியவர் அவர். பெயர் விடுபட்டவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாட்டின் பல பாகங்களில் கிராம உத்தியோகத்தர்கள் மிரட்டப்பட்டார்கள் என்றும் தாக்கப்பட்டார்கள் என்றும் செய்திகள் வந்தன. அவர்களுடைய சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சட்டத்தை எழுதாதவர், பணத்தை ஒதுக்காதவர், அடி வாங்குமிடத்தில் மட்டும் முன்னால் நிற்கிறார்.

தோட்டத்தில் இது இரட்டிப்பு. நிலமும் கம்பனியுடையது, கட்டடமும் கம்பனியுடையது என்னும்போது, வீட்டை இழந்தவர் யார்? தலைமுறை தலைமுறையாக அந்தக் காம்பராவில் இருந்தவர் தன்னைச் சொல்கிறார். படிவம் உறுதிப்பத்திரம் கேட்கிறது. இந்தியாவின் உதவியில் கட்டப்படும் தோட்ட வீடுகளுக்கான உரிமையைப் பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஜனாதிபதி கையளித்தது 2025 ஒக்டோபர் 12ஆம் தேதி. புயலுக்கு ஏறத்தாழ ஏழு வாரத்துக்கு முன். அந்த வேலை இருபது வருடம் முன்பு நடந்திருந்தால், டிசம்பரில் படிவத்தோடு லயத்துக்குப் போன உத்தியோகத்தருக்கும் கேள்வி குறைந்திருக்கும்.

வானத்திலும் தண்ணீரிலும்

டித்வாவில் உதவப் போனவர்களே உயிரிழந்தார்கள். நவம்பர் 30ஆம் தேதி விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று நிவாரணப் பணியில் இருந்தபோது வென்னப்புவைக்கு அருகே லுணுவிலவில் ஆற்றில் விழுந்தது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாப்பிட்டிய இறந்தார். வடக்கில், சுண்டிக்குளம் பக்கம் வெள்ளத்தைக் கடலுக்குள் விட முகத்துவாரத்தை வெட்டி அகலப்படுத்தப் போன கடற்படையினர் ஐவரை நீர் அடித்துக்கொண்டு போனது. 2017 மே வெள்ளத்திலும், காலி மாவட்டத்தில் ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி மீட்புப் பணி செய்த விமானப்படைவீரர் ஒருவர் விழுந்து இறந்தார்.

மலைநாட்டில் வான்வழிக்கு வேறு எமன்கள் உண்டு: பள்ளத்தாக்கை மூடும் பனி, குறுக்கே ஓடும் மின்கம்பி, இறங்கச் சமநிலம் இல்லாத சரிவு. டித்வாவில் சாலையும் ரயில்பாதையும் அறுந்து பதுளை தனித்துப்போன நாட்களில் வேறு வழியும் இருக்கவில்லை. இந்திய இராணுவத்தின் கள மருத்துவமனை ஒன்று பதுளை மாவட்டத்து மஹியங்கனையில் இறக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்தது. ஆனால் மஹியங்கனை சமவெளி. பசறைக்கு மேலும் லுணுகலைக்கு மேலும் உள்ள லயங்களுக்கு மருந்து போனது கால்நடையாகத்தான். மண் மூடிய பாதையில், தலையில் சுமந்து.

இப்படிப் போகிறவர்களின் துணிச்சலைக் கொண்டாடுவது நமக்குப் பழக்கம். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை இறங்கியபோது, பாலம் போய்விட்ட ஆற்றைக் கயிற்றில் தொங்கிக் கடந்து அக்கரையில் இருந்தவர்களுக்கு முதலுதவி செய்தார் நீலகிரி மாவட்டம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. கூடலூர், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் நம் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் பலர் போய்க் குடியேறிய ஊர். அந்த மண்ணுக்கும் ஊவாவுக்கும் உறவு உண்டு. விருது அவருக்குத் தகும். ஆனாலும் அந்தக் கயிறு அறுந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் யோசிக்க வேண்டும். துணிச்சல் ஒருவரிடம் இருக்கலாம். கயிற்றைச் சோதித்துக் கொடுக்க வேண்டியது ஏற்பாடு.

துப்பாக்கியும் ஆபத்துதான்

இலங்கையில் உதவிப் பணியாளர்களைப் பற்றி எழுதிவிட்டு மூதூரைச் சொல்லாமல் போக முடியாது. 2006 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பான ஆக்சன் கொந்த்ர் லா ஃபாம்மின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள், திருகோணமலை மாவட்டத்து மூதூரில் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தமிழர். அந்த ஒருவர் முஸ்லிம். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. அரச படைகளே பொறுப்பு என்று அப்போதைய போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறியது, அரசு மறுத்தது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஊவாவில் போர் இல்லை. மூதூரையும் மீரியபெத்தையையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வெளிநாட்டு அமைப்பின் சட்டை போட்டிருந்தாலும் செத்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2024இல் உலகெங்கும் கொல்லப்பட்ட உதவிப் பணியாளர்கள் 383 பேர் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே மிக மோசமான ஆண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தாங்கள் உதவிய அதே நாட்டைச் சேர்ந்தவர்கள். 2003 ஓகஸ்ட் 19ஆம் தேதி பக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்டு 22 பேர் இறந்த நாளை ஆண்டுதோறும் மனிதாபிமான தினமாக நினைவுகூருகிறோம். அந்த நாளில் வெளியிடப்படும் படங்களில் ஹெல்மெட்டும் மேலங்கியும் போட்டவர்களைப் பார்க்கலாம். மேலங்கி இல்லாதவரைப் பார்ப்பது அரிது.

பதிவில்லாத தொண்டர்

மேலங்கி இல்லாத அவர் யார்? தோட்டத்துத் தலைவர், கோயில் கமிட்டிப் பையன், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கொழும்பிலிருந்து லீவு சொல்லாமல் வந்திறங்கிய இளைஞர். மலை இறங்கிய முதல் சில மணி நேரத்தில், உயிரோடு எடுக்க வாய்ப்புள்ள நேரத்தில், இருப்பவர்கள் இவர்கள் மட்டுமே. டித்வா வந்தபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. மண் தோண்டப் போனால் அன்று பேர் விழாது, அதாவது அந்தச் சம்பளம் கிடையாது. போனவர் காயப்பட்டால் அடுத்த மாதமும் பேர் விழாது.

காயம் என்பது எலும்பு முறிவு மட்டும் அல்ல. சேற்றுத் தண்ணீரில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் ஒரு கீறல் இருந்தால் போதும். வெள்ளத்திலும் வயலிலும் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் கிடைக்கிறது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று எழுதும்போது சீருடைக்காரர் நினைவுக்கு வருகிறார். மண்வெட்டியோடு வந்தவர் நினைவுக்கு வருவதில்லை. துருப்பிடித்த தகரத்தில் கால் கிழிந்தவருக்கு ஏற்பு ஊசி போட்டார்களா என்று கேட்பவரும் இல்லை.

மனதுக்கும் கணக்கு உண்டு. சீருடையில் வந்தவர் தோண்டி எடுத்தது முகம் தெரியாத ஓர் உடல். பக்கத்து டிவிசன்காரர் எடுத்தது தன் மாமாவை, தன்னோடு பந்து விளையாடியவனை. படையினர் முகாமுக்குத் திரும்புவார்கள். இவர் அந்த மண்ணைத் தாண்டித்தான் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும். நிவாரண முகாமில் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்த்துக்கொள்ளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் பெண் தொண்டர்களும் இன்னொரு பாரத்தைச் சுமக்கிறார்கள். இரவில் வெளிச்சமில்லாத கழிப்பறை, பூட்டில்லாத வகுப்பறை, குடித்துவிட்டு வரும் ஆண்கள் என்று முகாமில் இருக்கும் பெண்களுக்கு உள்ள ஆபத்து எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

இவற்றுக்கு மேல் மொழி. டித்வாவின்போது அபாய அறிவிப்புகள் தமிழில் வரப் பிந்தின, சில வரவே இல்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. எச்சரிக்கை பிந்தினால் வெளியேற வேண்டியவர்கள் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் வெளியேயிருந்து ஒருவரை உள்ளே இழுக்கிறார். தமிழில் நேரத்துக்கு வரும் ஒரு வரி அறிவிப்பு, மீட்புப் படைவீரரின் உயிரையும் காக்கிறது என்பதை அனர்த்த முகாமைத்துவ நிலையம் புரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. 117 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. எந்த மலை எவ்வளவு ஆபத்து என்று காட்டும் வரைபடங்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு, 100ஐத் தாண்டினால் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு என்ற அளவும் அந்த நிறுவனத்திடம் உண்டு. குறை, இவை லயத்து வாசல்வரை வந்து சேராததுதான்.

ஆகவே முதல் வேலை ஒவ்வொரு டிவிசனிலும் பதிவு செய்யப்பட்ட மீட்புக் குழு ஒன்று. பத்துப் பேர் போதும், ஆணும் பெண்ணுமாக. அவர்களுக்குக் கயிறு, தலைக்கவசம், பூட்ஸ், விசில், டோர்ச், மழைமானி. மழைமானியைப் பார்க்கத் தெரிந்தால் வெளியேறச் சொல்ல கொழும்பிலிருந்து உத்தரவு வரத் தேவையில்லை. தோண்டும்போது ஒருவர் மேலே நின்று வெடிப்பை மட்டும் பார்க்க வேண்டும். விசில் ஊதினால் எல்லோரும் ஓட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இந்தப் பயிற்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, அவர்களுக்குக் காப்புறுதி. பேரிடர்ப் பணியில் இருந்த நாட்களுக்குத் தோட்டம் முழுப் பேர் போட வேண்டும். காயத்துக்கும் இறப்புக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும். கம்பனிகள் இதைத் தயாள குணமாக நினைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய நிலத்தில், அவர்களுடைய கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் இந்தப் பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

மூன்றாவது, மழைக்கு முன் பட்டியல். காம்பரா வாரியாக, அடுப்பு வாரியாக, பெயர் வாரியாக. ஒரு பிரதி தோட்ட அலுவலகத்தில், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று மலைக்கு வெளியே பிரதேச செயலகத்தில். மண் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூட முடியாத இடங்களில். நிவாரணம் கொடுக்கும் நாளில் அந்தப் பட்டியலை முதல் நாளே சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவிட வேண்டும். விடுபட்டவர் முறையிட ஒரு மேசையைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். கொடுப்பவரும் கணக்கெழுதுபவரும் முறைப்பாடு கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில்தான் அடி விழுகிறது.

நான்காவது நிலம். ஆபத்தான மலையிலிருந்து ஆட்களை இறக்கி உறுதிப்பத்திரத்தோடு குடியமர்த்தாதவரை மற்ற மூன்றும் தற்காலிகம்தான். அங்கிருந்து இறங்கியவரைத் தேடி யாரும் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

வாசகரான உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மழைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ லொறி நிறையப் பொருள் கட்டிக்கொண்டு பதுளைக்குப் புறப்படுமுன் பிரதேச செயலகத்துக்கும் அந்தத் தோட்டத்துத் தலைவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எத்தனை அடுப்பு என்று கேளுங்கள். அத்தனையும் கொண்டுபோக முடியாவிட்டால் சாலையோரத்தில் நிறுத்திக் கையில் கொடுக்காதீர்கள். சிவப்பு எச்சரிக்கை உள்ள இடத்துக்கு வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் போகாதீர்கள். உங்களையும் மீட்க ஒருவர் இறங்க வேண்டி வரும். முடிந்தால் அரிசி மூட்டையோடு இருபது ஜோடி பூட்ஸும் நூறு மீற்றர் கயிறும் சேர்த்து ஏற்றுங்கள். அவற்றைக் கேட்கத் தெரியாத தொண்டர்கள்தான் அங்கே முதலில் மலை ஏறுகிறார்கள்.